பல்லாவரத்தில் பறந்த துணி

1910 வாக்கில் எடுத்த ஒரு விமானப் படத்தைக் கொடுத்து, 'இது எந்த மாடல், கண்டுபிடி' என்றால் நம் கண் முதலில் வாலில் எழுத்து தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. நாட்டுக்கொரு பதிவெழுத்து என்ற ஏற்பாடு 1919 பாரிஸ் உடன்படிக்கையோடுதான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய வண்டிகளை உறுப்புகளை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும். இறக்கை ஒரு தட்டா, இரண்டு தட்டா? புரொப்பல்லர் முன்னால் நின்று இழுக்கிறதா, பின்னால் இருந்து தள்ளுகிறதா? எலிவேட்டர் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா, வாலில் இருக்கிறதா? ஒற்றைத் தட்டு, முன்னால் எஞ்சின் என்றால் பிளேரியோ பக்கம் தேடலாம். இரட்டைத் தட்டு, பின்னால் எஞ்சின், அடியில் சக்கரம் என்றால் ஃபார்மன். சக்கரமே இல்லாமல் சறுக்குச் சட்டம் மட்டும் இருந்தால் ரைட் சகோதரர்கள். ஆனால் சொந்தமாகச் செய்து பார்த்தவர்கள் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருப்பார்கள். சிக்கலே அங்கேதான்.

சென்னையில் அப்படி ஒருவர் இருந்தார். ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், கோர்சிகாத் தீவுக்காரர், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். 1909 ஜூலை 25 அன்று பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி மனுஷனைப் பிடித்து ஆட்டிவிட்டது. எஸ். முத்தையா எழுதியிருக்கிறபடி, விமானம் முழுக்க அவருடைய சொந்த வடிவமைப்பு. சிறிய குதிரைத்திறன் எஞ்சின். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் சோதனை, அப்புறம் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்சி. ஓட்டல்காரர் அல்லவா, கணக்கு தெரியாமல் இருக்குமா!

செய்து கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. குதிரை வண்டி கட்டிப் பேர் வாங்கிய பட்டறை. 1903ல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டியிருந்தார். அன்றைய விமானத்துக்கு வேண்டிய கைவேலை ஏறக்குறைய வண்டிப் பட்டறை வேலைதான்: கனமில்லாத மரச்சட்டம், இழுத்துக் கட்டிய கம்பி, மேலே துணி. ரைட் சகோதரர்கள் 1903ல் போர்த்தியது சாதாரணப் பருத்தி மஸ்லின். பிறகு வந்தவர்கள் துணிமேல் 'டோப்' என்ற பசையைப் பூசினார்கள். காயும்போது துணி சுருங்கி, மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். பல்லடத்தில் தறிச்சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவனுக்கு இது தனி சுவாரசியம். சூலூர் போர் விமானங்களை அண்ணாந்து பார்க்கிற ஊர் இது. அதன் முப்பாட்டன் பறந்தது கிட்டத்தட்ட நம்ம காடாத் துணி ரகத்தில் என்று சொன்னால் இங்கே யார் நம்புவார்கள்?

ஆனால் பொது அறிவுப் புத்தகத்தில் இந்திய விமான வரலாறு அலகாபாத்தில்தான் தொடங்கும். 1911 பிப்ரவரி 18 அன்று ஹென்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பல்லாவரம் அதற்குப் பதினோரு மாதம் மூத்தது. வித்தியாசம் என்னவென்றால், அலகாபாத்தில் ஒவ்வொரு உறையிலும் தபால் முத்திரை விழுந்தது. முத்திரை குத்திய உறைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றுவரை பொத்திப் பாதுகாக்கிறார்கள். எங்கள் தொழிலில் சொல்வோமே, லாக் இல்லையென்றால் அது நடக்கவே இல்லை என்று, அந்தக் கதைதான். ஒரு முறை கட்டி, பறக்கவிட்டு, டிக்கெட் விற்ற வண்டிக்கு மாடல் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. ஃபார்மனா பிளேரியோவா என்று கேட்பதே அங்கே தப்பான கேள்வி. 'டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன், மதராஸ், 1910' என்று தனி வரியாக எழுத வேண்டும். அதில் சிம்ப்சன் என்ற ஒற்றைப் பெயருக்குள், சட்டம் இழைத்த தச்சரும் துணியை இழுத்துத் தைத்தவரும் அடக்கம்.