தெதுறு ஓயாவின் தாழ்நிலம்

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து மாபார் கரையை நோக்கிப் புறப்பட்டு, காற்றின் வசப்பட்டு இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கிய இபுன் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியிலிருந்த ஒரு பட்டினத்தின் கடற்கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குன்று குன்றாகக் குவிந்து கிடந்ததையும், அவற்றை மலைப்பக்கத்திலிருந்து ஆற்று வெள்ளமே அடித்துக்கொண்டு வந்து கரை சேர்த்ததையும் தம் யாத்திரை விவரத்தில் எழுதிவைத்தார். அந்தப் பட்டினம் புத்தளமே என்பது சரித்திர ஆசிரியர் பலரின் முடிபு. இன்று வெள்ளம் என்றதும் நெஞ்சு பதறுகிற அதே கரையில், அன்று வெள்ளம் செல்வத்தைச் சுமந்து வந்து இறக்கிய கூலியாளாக இருந்தது.

புத்தளம் மாவட்டத்தின் கடலோரத்தை ஆறுகளே உருவாக்கின. வடக்கே கலா ஓயாவும் மீ ஓயாவும், நடுவே தெதுறு ஓயாவும், தெற்கே ஜின் ஓயாவும் எல்லையாகிய மகா ஓயாவும், உள்நாட்டு மழைநீரையெல்லாம் திரட்டிக்கொண்டு, ஏறக்குறைய மட்டமான இக்கரைக்கு வந்து சேர்கின்றன. கடலோ அவற்றை எளிதில் ஏற்பதில்லை. வறண்ட மாதங்களில் அலைகள் முகத்துவாரத்தில் மணலைக் குவித்து வாயை ஒடுக்கிவிட, ஐப்பசி கார்த்திகை மழையில் இறங்கிவரும் பிரவாகம் அந்த மண்திட்டை உடைத்துக்கொண்டு போகும்வரையில், இருமருங்கிலுமுள்ள தாழ்நிலத்திலும் களப்பிலும் பரந்து நின்றே தன் முறைக்குக் காத்திருக்கவேண்டும். அவ்வாறு பரந்து நிற்பதற்கான இடத்தைத்தான் நாம் இப்போது காணி என்று அளந்து, உறுதி எழுதி, விற்றுக்கொண்டிருக்கிறோம்.

தெதுறு ஓயா ஏறக்குறைய 142 கிலோமீற்றர் ஓடிச் சிலாபத்துக்கு வடக்கே கடலில் விழுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், இலங்கை முழுதுக்கும் அரசனாவதற்கு முன்பே, முதலாம் பராக்கிரமபாகு இதன் குறுக்கே அணைகள் கட்டிய செய்தியைச் சூளவம்சம் ஜஜ்ஜர நதி என்னும் பெயரில் விரிவாகக் கூறுகிறது. தமிழருக்கோ இது மாயவனாறு, முன்னேஸ்வரத்தின் தீர்த்தம். போர்த்துக்கேயர் 1578இல் இடித்து, கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்த அந்த ஆலயம் ஆற்றங்கரையில் அமைந்ததன்று. மகோற்சவத்தின் நிறைவில் சுவாமிதான் ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தமாடித் திரும்புகிறார். ஆற்றை வணங்கியவர்களும் அதற்கும் தமக்கும் இடையே தூரத்தை வைத்தே வணங்கினார்கள் என்று இதைக் கொள்வதில் பிழையில்லை.

சாதாரண ஜனங்களின் குடியிருப்பும் பெரும்பாலும் இந்த நியாயத்தையே பின்பற்றியது. கரைக்கு இணையாக நெடுகக் கிடக்கும் மணல் மேடுகளில் வீடும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும், மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் வயலும் மேய்ச்சலும், களப்போரத்தில் கண்டற்காடு. பள்ளத்தை அண்டி வாழவேண்டியிருந்தவனது வீடு மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்தது. ஊறவைத்த தென்னோலையை நடுவே பிளந்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிய அந்தக் கிடுகை, வெள்ளம் ஏறும்போது அவிழ்த்து அடுக்கி மேட்டுக்குக் கொண்டுபோகலாம். சுவர் கரைந்துபோனால், வெள்ளம் விட்டுப்போன களிமண்ணையே குழைத்து மறுபடி எழுப்பலாம். வறுமையின் வீடுதான் அது. ஆயினும் ஒரு வெள்ளத்தோடு ஒரு குடும்பத்தின் ஆயுட்கால உழைப்பு முழுவதும் போய்விடாத வீடு. மகா ஓயாவின் வண்டலை நம்பி வைக்கால் பகுதியில் வளர்ந்த ஓட்டுத் தொழிலும் ஆறு பரந்த நிலத்திலிருந்து பிறந்ததே.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் குலையவில்லை. ஒல்லாந்தர் களப்புகளை இணைத்துக் கால்வாய் வெட்டினர். 1916இல் சிலாபத்துக்கும் 1926இல் புத்தளத்துக்கும் வந்த புகையிரதப் பாதை, நீர் கடக்கும் வெளிகளின் குறுக்கே மண்மேட்டை எழுப்பியது. பிறகு சீமெந்து வந்தது. சட்டமும் வந்தது. 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பெயருக்கேற்ப, வெள்ளத்தினின்று நிலத்தைக் காக்க முயன்றதேயன்றி, நிலத்தினின்று வெள்ளத்துக்குரிய இடத்தைக் காப்பதைத் தன் முதற் கடமையாகக் கொள்ளவில்லை என்பதே என் அபிப்பிராயம். 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலத்தையும், முகத்துவாரங்களையொட்டி இரண்டு கிலோமீற்றர் வரையிலான நீர்ப்பரப்பையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கு மேலேயுள்ள வெள்ளச் சமவெளியோ பல அதிகாரங்களின் இடையே சிதறிக் கிடந்தது.

அந்தச் சட்டம் பிறந்த அதே பத்தாண்டில்தான் இறாற் பண்ணைகள் பெருகின. சிலாபம், முந்தல் களப்புகளின் ஓரத்துக் கண்டல்கள் வெட்டப்பட்டு, உப்புச் சதுப்புகள் கட்டம் கட்டமாக வரம்பிடப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவித் தொழில் நொடித்தபோது முதலாளிகள் பலர் விட்டுப் போனார்கள். வரம்புகள் மட்டும் போகவில்லை. முன்னர் நீர் தாராளமாகப் பரவிய களப்போரம் இடுங்கிவிட்டதால், அந்த நீர் முந்தலிலும் உடப்பிலும் முற்றங்களைத் தேடி வந்தது. ஆற்று மணலை அள்ளியவர்கள் கரையையும் இளக்கிவிட்டார்கள்.

2014இல் தெதுறு ஓயா நீர்த்தேக்கம் நிறைவெய்தியபோது, இனி வெள்ளம் அடங்கியது என்று நம்பியவர் உண்டு. குளத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டல்லவா? 1957 டிசம்பர்ப் பெருமழையில் பல குளங்கள் உடைத்துக்கொண்டதை வயதானவர்கள் மறக்கவில்லை. இங்கினிமிட்டியவிலும் தப்போவவிலும் தெதுறு ஓயாவிலும் வான்கதவுகள் திறக்கப்படும் நாளில், கீழுள்ளவர்களுக்குக் கிடைப்பது சில மணி நேர எச்சரிக்கை மாத்திரமே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன போது, கலா ஓயாப் பாலத்தருகே வெள்ளத்தில் அகப்பட்ட பஸ்ஸின் பிரயாணிகள் ஒரு வீட்டுக் கூரைமேல் ஏறி இரவைக் கழித்தார்கள். சிலாபம் வைத்தியசாலைக்குள்ளும் நீர் புகுந்தது. நிவாரணப் பணியிலிருந்த விமானப்படை ஹெலிகொப்டர் லுணுவிலவில் ஜின் ஓயாவில் விழுந்து அதன் விமானி உயிர்துறந்தார்.

ஆற்றோரங்களில் கட்டுவதற்கான விதிகளை இறுக்கவேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்திருக்கிறது. வரவேற்கத்தக்க பேச்சுத்தான். ஆனால் தாழ்நிலத்தில் இருப்பவர் யார் என்பதையும் சரித்திரமே கேட்கச் சொல்கிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இம்மாவட்டத்தில் வந்து தஞ்சம் புகுந்தார்கள். கையில் பணமின்றி வந்தவர்கள் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துத் தெரிவுசெய்யக்கூடிய நிலையிலா இருந்தார்கள்? மேட்டுநிலத்தின் விலை அவர்களுக்கு மட்டுமன்றிக் கரைவலைக் கூலியாளனுக்கும் எட்டாத உயரத்தில் நிற்கிறது. வீட்டை இடிக்கும் கட்டளை முதலிலும் மாற்றுக் காணி பின்னரும் வருமானால், அந்த விதி ஏழையின் முதுகில் மட்டுமே விழும். வரம்பிட்ட முதலாளியும் கரையை நிரப்பிய விடுதிக்காரரும் தப்பிவிடுவார்கள்.

ஆகவே சிலாபம் நகர சபையினரையும் பிரதேச சபையினரையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: 2025 வெள்ளம் ஏறிய மட்டத்தைச் சுவர்களில் சேற்றுக் கறை அழியுமுன் அளந்து, கிராமந்தோறும் கல் நட்டுக் குறியுங்கள், அந்தக் கல்லுக்குக் கீழே புதிய கட்டடத்துக்கு எவருக்கும் அனுமதி கொடாதீர்கள், கைவிடப்பட்ட இறாற் பண்ணை வரம்புகளை வெட்டி அந்த நிலத்தைக் களப்புக்குத் திருப்பிக் கொடுங்கள், அந்தக் கல்லுக்குக் கீழே ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு, அடுத்த ஐப்பசிக்கு முன்பாக, மேட்டில் காணி கொடுங்கள்.