வாசலில் நின்ற மோட்சம்

புதுவை நகரின் வடமேற்கு எல்லையிலே இருக்கிறது கோரிமேடு. கோரி என்ற சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள். சாவின் பெயரைச் சுமந்து நிற்கும் ஊர்! ஆனால் அந்த மேட்டிலேதான் இன்று சாவோடு போராடும் கூடமும் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் 1823-ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் மருத்துவமனைதான் அது.

பள்ளி முடிந்து திரும்பும் மாலை வேளைகளில் அதன் வாயிலைக் கடந்து செல்கிறேன். வாயிலில் காத்திருப்போர் கூட்டம். கண்ணீர் ஒருபுறம், கவலை ஒருபுறம். உள்ளே கட்டில்கள் வரிசை வரிசையாக! ஒவ்வொரு கட்டிலருகிலும் மருத்துவர் செல்கிறார், நாடி பார்க்கிறார். படுத்திருப்பவன் எந்தத் தெருவிலே பிறந்தவன் என்று கேட்டறிந்த பிறகுதான் தொடுவேன் என்று அவர் சொல்வதில்லை. சொன்னால் நாடு பொறுக்குமா?

ஆனால் தோழர்களே, இதே புதுவையிலே, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், சாகக் கிடப்பவனின் குடிசைக்குள் செல்லலாமா, கூடாதா என்று ஒரு பெரிய வழக்கு நடந்தது. வழக்காடியவர்கள் ஆன்மாவுக்கு மருந்தளிக்க வந்தவர்கள் என்று போற்றப்பட்ட பாதிரிமார்கள். அந்த வழக்கு ரோமாபுரி வரை சென்றது; நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

வழக்கின் கருப்பொருளை உணர வேண்டுமானால், கிறித்தவம் சாவைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பாவத்தின் விளைவே சாவு. ஏசு சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்ததால் அந்தச் சாவு வெல்லப்பட்டது. அவரை நம்பி ஞானஸ்நானம் பெற்றோருக்கு மீட்பு உண்டு. உலக முடிவிலே இறந்தோர் உடலோடு எழுவர். நல்லோர்க்கு நித்திய வாழ்வு கிட்டும். இதுவே அந்த நெறியின் நம்பிக்கை. கத்தோலிக்கர் இன்னும் ஒரு படி செல்வர். இறக்கும் தறுவாயில் பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, குருவின் கையால் அவஸ்தைப் பூசுதல் பெறுவது அவர்களுக்குப் பெரும் பேறு. கடைசி மூச்சுக்கு முன் குரு வந்துவிட வேண்டும் என்று குடும்பமே துடிக்கும்.

அப்படியானால், குரு வரவில்லை என்றால்? வாசல் வரை வந்தும் உள்ளே நுழையவில்லை என்றால்?

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தார், புலால் துறந்தார், சந்நியாசிக் கோலம் பூண்டார். மேல்சாதியாரைக் கவர வேண்டுமானால் அவர்களுடைய ஆசாரத்தை ஏற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பின்னால் வந்த ஏசு சபையார் பலரும் அந்த வழியையே பின்பற்றினர். சேரிக்குள் கால் வைத்தால் மேல்சாதிக் கிறித்தவர் ஓடிவிடுவர் என்று அஞ்சினர். ஆகவே, ஒடுக்கப்பட்ட கிறித்தவன் ஒருவன் உயிருக்குப் போராடினால், அவனை வெளியே தூக்கிவரச் செய்து, அங்கே சடங்கு நடத்தும் வழக்கம் தோன்றிற்று. சுரத்திலே தகிக்கும் உடல், ஊசலாடும் உயிர், அந்த நிலையிலும் அவன்தான் வெளியே வர வேண்டும்! மோட்சம் அவன் வாசலிலே நின்றது; வாசற்படியைத் தாண்ட மறுத்தது.

1703 நவம்பரில் போப்பரசரின் தூதராகத் தூர்னோன் என்பவர் புதுவையில் வந்து இறங்கினார். சீனம் செல்லும் வழியில் இங்கே தங்கியவர், எட்டுத் திங்கள் இருந்து நிலைமையை ஆராய்ந்தார். 1704 சூன் 23-ஆம் நாள் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். தாலி, திலகம், திருமணச் சடங்கு எனப் பலவற்றையும் பற்றி அந்த ஆணை பேசிற்று. அவற்றினிடையே இதுவும் இருந்தது: நோயுற்ற பறையரின் வீட்டுக்கே குரு சென்று, அங்கேயே தேவதிரவிய அனுமானங்களை அளித்திட வேண்டும்.

எளிய கட்டளைதானே? குனிந்து நுழைந்தால் தீர்ந்தது! ஆனால் அந்தக் குனிவுக்குத்தான் எத்தனை எதிர்ப்பு! முறையீடுகள் பறந்தன, விளக்கங்கள் கேட்கப்பட்டன, போப்பரசர்கள் மாறினர். கடைசியில் 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை பிறப்பித்தார். குரு சேரிக்குச் செல்லத்தான் வேண்டும் என்பது உறுதியாயிற்று. அதற்கு ஏசு சபையார் கூறிய வழி என்ன தெரியுமா? ஒடுக்கப்பட்டோருக்கு என்றே தனியாகச் சில குருமார்களை ஒதுக்குவது! ரோமாபுரியும் அதனை ஏற்றுக்கொண்டது. சாதியைப் பிளக்கத் துணியாதவர்கள் குருமாரையே இரண்டாகப் பிளந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1745 அக்டோபரில், கதை வேறொரு திருப்பம் கண்டது. இதற்குச் சாட்சி, கிறித்தவர் அல்லாத ஒருவர். துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பிலே இதனைப் பதிந்து வைத்தார். அந்நாளில் புதுவைக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் சாதிக் கிறித்தவர், மறுபுறம் ஒடுக்கப்பட்டோர். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் ஊக்கமளிக்க, ஒடுக்கப்பட்டோர் திரண்டு தலைமைப் பாதிரியாரிடம் சென்றனர். நாங்களும் உம்முடைய சீடர்கள் என்பது மெய்யானால், கடவுளுக்கு வேறுபாடு இல்லை என்பது மெய்யானால், இந்தச் சுவர் ஏன் என்று கேட்டனர். பாதிரியாரால் மறுமொழி கூற இயலவில்லை. சுவர் இடிக்கப்பட்டது!

உடனே கொதித்தெழுந்தனர் சாதிக் கிறித்தவர். கூட்டம் கூடினர், கோயிலைப் புறக்கணிப்போம் என்றனர். செய்தி ஆளுநர் டூப்ளேயின் காதுக்கும் எட்டிற்று.

இங்கே ஒரு நொடி நின்று எண்ணிப் பார்ப்போம். மறுமை என்ற மயக்கம் ஏழையின் கையைக் கட்டிவிடும் என்று நாம் பேசுகிறோம், எழுதுகிறோம். பல இடங்களில் அது உண்மை. ஆனால் 1745-இல் அந்த எளிய மக்கள் நித்திய வாழ்வு என்ற வாக்குறுதியையே கேள்வியாக வளைத்துக் காட்டினர். விண்ணகத்திலே சமம் என்கிறீரே, மண்ணிலே ஏன் இல்லை என்றனர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் எழுப்பிய அந்த வினா, ஏடு படித்தவர்களை வாயடைக்கச் செய்தது. பகுத்தறிவு எங்கே பிறக்கும், யாரிடம் பிறக்கும் என்று யாரால் வரையறுக்க முடியும்?

ஒரு சுவர் இடிந்தது, சுவர்கள் ஒழிந்தனவா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், சாதிக்கொரு பிரிவாக இரண்டு கூடங்களோடு கட்டப்பட்டது. 1910-இல் இடைச்சுவர் அகற்றப்பட்டபோது, வேளாளக் கிறித்தவர் வழக்குமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் தோற்றனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே செத்தவர்களுக்கு நடுவிலும் ஒரு சுவர்! 2010-இல் பெரியார் இயக்கத் தோழர்கள் அதனை இடிக்க முனைந்தனர். புதுவை–கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகச் செல்வது என்பதும் பூசலுக்கு ஒரு காரணமாயிற்று. 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர்.

எல்லோரும் ஒருநாள் எழுந்து நிற்பார்கள் என்று நம்பித்தான் உடலை மண்ணிலே புதைக்கிறார்கள். எழுகின்ற அந்த நாளிலும் சுவருக்கு இந்தப்புறம் நீங்கள், அந்தப்புறம் நாங்கள் என்று சொல்வார்களா?

கிறித்தவரை மட்டும் பழித்து மகிழ இதனை எழுதவில்லை. இந்தச் சுவருக்கான செங்கல் ரோமாபுரியிலே சுடப்பட்டதன்று. நம் ஊர்ச் சூளையிலே சுடப்பட்டது. ஊருக்கொரு சுடுகாடு, சேரிக்கொரு சுடுகாடு என்று பிரித்த வருணதருமம்தான் சிலுவையின் நிழலிலும் போய் அமர்ந்துகொண்டது. மதம் மாறியவன் சாமியை மாற்றினான். சாதியை மூட்டை கட்டி உடன் எடுத்துச் சென்றான்.

சாவுக்குப் பின் வாழ்வு உண்டா? இளைஞர்கள் வாதிடட்டும், நம்புவோரோடு அன்போடு வாதிடட்டும். ஆனால் காணாத விண்ணகத்தைப் பற்றித்தான் வாதம் வேண்டும். கண்ணெதிரே நிற்கும் சுவரைப் பற்றி வாதம் எதற்கு? அதற்கு வேண்டியது கடப்பாரை. நம்புகிறவனும் நம்பாதவனும் ஒன்றாகப் பிடிக்கக்கூடிய கடப்பாரை!

ஒரு சமயத்தின் மீட்பை அளந்திட வேண்டுமானால், அதன் குரு எந்தக் குடிசையின் வாசலில் குனிந்தார் என்று பாருங்கள். அதே அளவுகோலை நம்மீதும் வைத்துப் பாருங்கள். சமத்துவம் பேசும் நாம், சேரியிலே ஒரு சாவு என்றால், தெருமுனையிலே நின்று துக்கம் கேட்டுத் திரும்புகிறோமா? உள்ளே சென்று, பாடைக்குத் தோள் கொடுக்கிறோமா?

கோரிமேட்டு மருத்துவமனையின் விளக்குகள் இரவெல்லாம் எரிகின்றன. கட்டிலுக்குக் கட்டில் மருத்துவர் நடக்கிறார். மோட்சத்தைப் பற்றி அவர் ஏதும் சொல்வதில்லை. ஆனால் வாசலிலே நின்றுவிடுவதில்லை.