அடிமனையும் மேல்வீடும்: வடசென்னையில் ஒரு பழைய கணக்கு

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்தால் தரகர் முதலில் சொல்வது இதுதான்: "வீட்டுக்கு விலை கிடையாது, இடத்துக்குத்தான் விலை." மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. அதன் ஒரு மூலையில் இரண்டு அறை, ஒரு திண்ணை. இடிக்கிற கூலியைக்கூட விலையில் கழித்துக்கொள்வார்கள். மனையும் சொந்தம் என்றால் விற்பவருக்கு நட்டமில்லை, இடத்தின் விலை அவர் கைக்குத்தான் வரப்போகிறது. ஆனால் வீடு ஒருவருடையது, அடிமனை இன்னொருவருடையது என்றால்? அப்போது "வீட்டுக்கு விலை கிடையாது" என்ற அதே வாக்கியம் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடும்.

நம் மக்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது நிலையில்தான் இருந்திருக்கிறார்கள். வீடு அவர்கள் கட்டியது, மண் அவர்களுடையதல்ல. இது எப்படி வந்தது என்று பார்ப்போம். பஞ்சமி நிலம் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வீட்டுமனை பற்றிப் பேசுவது குறைவு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து தொடங்கியவை.

அந்த இடம் செங்கல்பட்டு மாவட்டம். திருவொற்றியூரும் எண்ணூரும் அன்றைக்கு அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவைதான். ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அனுப்பிய அறிக்கையையும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணையையும் நீங்கள் அறிவீர்கள். அந்த அறிக்கை சாகுபடி நிலத்தோடு நிற்கவில்லை, குடிசை நின்ற மண்ணையும் பேசியது. சேரி இருக்கும் இடமும் தங்கள் மிராசுக்குள் அடக்கம் என்றார்கள் மிராசுதாரர்கள். கூலி கூட்டிக் கேட்டாலோ, வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடிந்தது. ஆளைக் கட்டிவைக்கச் சங்கிலி தேவைப்படவில்லை, அவன் படுத்துத் தூங்கும் மண் அதைச் செய்தது. அப்படிப்பட்ட மண்ணில் யார் செங்கல் அடுக்குவார்கள்? நாளை பிரிக்கச் சொன்னால் பிரித்துத் தலையில் சுமந்துபோகக்கூடிய வீட்டைத்தான் கட்டுவார்கள். மண் சுவர், பனையோலை, மூங்கில். குடிசை சிறியதாகவும் லேசாகவும் இருந்ததற்கு வறுமை ஒரு காரணம் மட்டுமே. மண்ணின் மேல் உரிமை இல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

நகரத்துக்கு வந்தவர்கள் இதிலிருந்து தப்பி வந்தவர்கள்தான். 1856-இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்டது, தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆலைகள், தோல் கிடங்குகள், சரக்குக் கொட்டடிகள் வந்தன. மூட்டை தூக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் குடிசை வேண்டும். தோட்டமாகவும் சதுப்பாகவும் சும்மா கிடந்த இடத்தை அதன் உடைமையாளர்கள் கட்டம் கட்டமாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். வாடகை வீட்டுக்கு அல்ல, தரைக்கு. வீட்டை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். சென்னையில் அடிமனை வாடகை என்ற சொல்லின் பொருள் இதுதான். திருவரங்கத்தில் அடிமனைப் பிரச்சினை என்றால் செய்தி ஆகிறது. வடசென்னையில் பல தெருக்களின் வரலாறே அதுதான், செய்தி ஆவதில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு மனை விலை ஏறியது. பல ஆண்டு மனை வாடகை கட்டி வீடு எழுப்பியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிப் பெருமளவில் வழக்குகள் கிளம்பின. சென்னை சட்டமன்றம் இதற்காக இயற்றியதே 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1922-இன் 3-ஆம் எண் சட்டம் அது. நீதிக்கட்சி ஆட்சிக் காலம். அதே 1921-இல்தான் பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிய சாதி மோதலில் புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆண்டில் ஒரே நகரத்தில், மனை வாடகை கட்டியவருக்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரிக் குடிசைக்குத் தீயும் வந்தன. இரண்டையும் சேர்த்துவைத்து எழுதிய வரலாற்று நூல்கள் குறைவு.

சட்டத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை, அந்தக் காலத்துக்கு அது துணிச்சலானது. கட்டடம் என்றால் என்ன என்று அது சொல்லும் விளக்கத்தில் குடிசையும் உண்டு. செங்கல்லா, மரமா, மண்ணா, தகரமா என்ற வேறுபாடு இல்லை. குடிசையைக் கட்டடம் என்று ஒப்புக்கொண்ட சட்டம் என்பதற்காகவே அதைச் சட்டம் படிக்கும் தோழர்கள் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். 3-ஆம் பிரிவின்படி, காலி செய்யச் சொல்கிற உடைமையாளர் மேலே உள்ள வீட்டின் மதிப்பையும், நட்ட மரங்களின் மதிப்பையும் கொடுத்தாக வேண்டும். நீதிமன்றம் நிர்ணயித்த தொகையை மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகும், ஐந்தாண்டுக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. 9-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: குத்தகைதாரர் கேட்டால் மனையையே அவருக்கு விற்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். விலை, ஆணைக்கு முந்தைய மூன்றாண்டுச் சந்தை மதிப்பின் சராசரி.

இப்போது இதைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஒரு வணிகர் வாடகை மனையில் இரண்டு மாடி கட்டியிருக்கிறார். அவரைக் கிளப்ப வேண்டுமானால் உடைமையாளர் பெருந்தொகை எடுத்துவைக்க வேண்டும், பெரும்பாலும் வைக்கமாட்டார். பக்கத்து மனையில் ஒரு கூலித் தொழிலாளி ஓலைக் குடிசை போட்டிருக்கிறார். அதன் மதிப்பு என்ன? மூங்கிலுக்கும் கீற்றுக்கும் என்ன விலை கிடைக்குமோ அது. மனை விலை ஏறிய ஊரில் அந்தத் தொகை உடைமையாளருக்கு ஒரு பொருட்டே அல்ல. சட்டம் இருவருக்கும் பொதுதான். ஆனால் வீடு எவ்வளவு லேசோ அவ்வளவு எளிதாக ஆளைத் தூக்கிவிடலாம்.

9-ஆம் பிரிவுக்கு வந்தாலும் கதை மாறவில்லை. பின்னால் வந்த திருத்தம் ஒன்று, குத்தகைதாரர் வசதியாக வாழ எவ்வளவு மனை போதும் என்பதை நீதிமன்றம் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றது. அந்தக் குறைந்தபட்ச அளவை மட்டுமே வாங்கலாம், மிச்சம் உடைமையாளருக்கே. பெரிய மனையில் சின்ன வீடு கட்டியவருக்கு எவ்வளவு போதும்? வீடு நிற்கும் இடமும் நடக்க ஒரு வழியும் போதும் என்று வாதாட வழக்கறிஞருக்கு அதிக நேரம் ஆகாது. முற்றம், கோழி, கொடிக்கம்பி, மகன் கல்யாணத்துக்குப் பிறகு இழுத்துக் கட்ட வைத்திருந்த பத்தடி இடம், இவையெல்லாம் எந்த அளவுகோலில் வரும்? மனையை வாங்குவது முழு உரிமை அல்ல, சட்டம் தந்த ஒரு சலுகை என்று 1987-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, சின்ன வீட்டுக்கு இழப்பீடும் சின்னது, வாங்கக் கிடைக்கும் மண்ணும் சின்னது. முதலில் மண்ணைத் தராததால் வீடு சிறுத்தது. பிறகு வீடு சிறியது என்பதையே காரணமாகக் காட்டி மண்ணைக் குறைத்தார்கள்.

இதுவும் ரசீது வைத்திருந்தவர்களின் கதைதான். புறம்போக்கில், கால்வாய்க் கரையில், தண்டவாளத்து ஓரத்தில் குடிசை போட்டவர்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அவர்களுக்கென்று 1971-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உடைமை உரிமை வழங்கிய சட்டம். பண்ணையார் மண்ணில் குடியிருந்தவருக்கு அந்த மண்ணையே சொந்தமாக்கியது, 1891-இல் எழுந்த கேள்விக்கு எண்பது ஆண்டு கழித்துக் கிடைத்த பதில். ஆனால் அது கிராமத்து விவசாயத் தொழிலாளருக்கானது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் குடிசைக்கு அது பொருந்தாது. நகரத்துக்கு வந்தது குடிசைப் பகுதிகள் சட்டம். அது மண்ணைத் தரவில்லை. குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது என்ற 29-ஆம் பிரிவைத் தந்தது. அதுவும் பெரிய கவசம்தான், அறிவித்தால். 1971-இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள், 1985-இல் மேலும் 17. அதோடு சென்னையில் அறிவிப்பு நின்றுபோனது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரி ஏற்றப்பட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். எண்ணூரிலிருந்து பெரும்பாக்கம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

1996-இல் குத்தகைதாரர் சட்டத்துக்கு இன்னொரு திருத்தம். கோயில், மசூதி, தேவாலயம் என எந்த மதத்தைச் சேர்ந்த நிறுவனமாக இருந்தாலும், அதன் நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நிலுவையில் இருந்த வழக்குகளும் அற்றுப்போயின. கோயில் நிலம் அடிமாட்டு விலைக்குக் கைமாறுகிறது என்பது அரசின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இத்திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்களில் மயிலாப்பூர் கிளப்பும் ஒன்று, 2005-இல் தோற்றது. டென்னிஸ் ஆடுகிறவர்களின் சங்கம் கபாலீசுவரர் கோயில் மனையைச் சலுகை விலைக்குக் கேட்பதற்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் திருத்தம் கிளப்பையும் குடிசையையும் ஒரே கத்தியால் வெட்டியது. கிளப்புக்கு மூத்த வழக்கறிஞர் இருந்தார், போக வேறு இடமும் இருந்தது. மூன்று தலைமுறையாகக் கோயில் மனையில் வாடகை கட்டிய தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, குத்தகை முடிந்த பிறகும் இருப்பவரை ஆக்கிரமிப்பாளர் கணக்கில் சேர்க்கிறது. புதுப்பிக்கச் சொல்லி அலைந்து, புதுப்பித்துத் தராமலே இழுத்தடித்தாலும், காகிதத்தில் அவர் ஆக்கிரமிப்பாளர். தாத்தா குடிவாரதாரர், அப்பா வாடகைதாரர், பேரன் ஆக்கிரமிப்பாளர். வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை எந்த வாசலுக்கு உள்ளே போக நமக்குச் சட்ட உரிமை இல்லையோ, அந்த வாசலுக்குச் சொந்தமான நிலத்தில் உழுதவர்களும் நாம்தான், குடியிருந்தவர்களும் நாம்தான். கோயில் சொத்தைக் காப்பது என்ற பேச்சு வரும்போது இந்தப் பாதியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அடுக்குமாடி வந்தபிறகு கணக்கு தீர்ந்துவிட்டதா? 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 24 வீடுகள். விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியே ஓடிவந்ததால் உயிர்கள் தப்பின. அதே ஆண்டில் பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. தலைக்கு மேல் வீடு இடிகிறது, காலுக்கு அடியில் மண் விலை ஏறுகிறது, ஒரே ஊரில், ஒரே ஆண்டில். இப்படி ஒரு பிளாக் விழுந்த பிறகு தராசின் ஒரு தட்டில் எதுவுமே இல்லை. மிஞ்சுவது மண் மட்டும். அதில் யாருக்குப் பங்கு என்பதைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் காகிதம். வெறும் ஒதுக்கீட்டு ஆணை வைத்திருப்பவர் குடியிருப்பவர். கிரயப் பத்திரம் வாங்கியவர் உடைமையாளர். தவணை முழுக்கக் கட்டியும் பத்திரம் வாங்காத குடும்பங்கள் நம் பகுதிகளில் எத்தனை என்று ஒவ்வொரு பிளாக்காகக் கேட்டுப் பாருங்கள். மறுகட்டுமானத்துக்குக் காலி செய்யச் சொல்லி வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி புதிய வீடு எத்தனை சதுர அடி என்பதல்ல. அடிமனையில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, அது யார் பெயரில், எந்த ஆவணத்தில் என்பதுதான்.

களத்தில் இருக்கும் தோழர்களுக்கு இன்னொன்று. தனியார் மனையில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில் பழைய மனை வாடகை ரசீது, வீட்டு வரி ரசீது, மின் அட்டை இவற்றை இப்போதே தேடி எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். பாட்டி பெயரில் இருக்கும், டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கும். ரசீது வாங்குவதை நிறுத்தியிருந்தால் வாடகையை மணியார்டரில் அனுப்பச் சொல்லுங்கள். சம்மன் வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்க நேரமில்லை. 9-ஆம் பிரிவில் மனு போடச் சட்டம் தருவது சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதம்.