மலையகத் தோட்டங்களிற் கழிவகற்றற் செலவு - ஒரு வரலாற்று நோக்கு

கழிவுநீரை அகற்றும் செலவை யார் ஏற்பது என்னும் வினா வெறும் வரவு செலவுக் கணக்கன்று. ஒரு நாட்டில் எவர் குடிமகனாக மதிக்கப்பட்டார், எவர் கூலியாக மட்டும் எண்ணப்பட்டார் என்பதையும் அது புலப்படுத்தும். மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரங்களிற் பின்பற்றப்படும் முறை யாவரும் அறிந்ததே. குழாய்வழி வந்த நீரை மானி அளக்கின்றது. அந்நீரிற் பெரும்பகுதி கழிவாக வெளியேறும் என்ற கருத்தில், பொதுவாக அவ்வளவைக் கொண்டே வீட்டுக்கும் வணிக நிலையத்துக்கும் கழிவுநீர்க் கட்டணம் கணிக்கப்படுகின்றது. தோட்டத்துப் பீலிக்கோ மானி இல்லை. லயத்தின் கான்வழி ஓடும் நீருக்குப் பட்டியலும் இல்லை. பட்டியல் இல்லாமையாற் செலவும் இல்லை எனக் கொள்ளலாமா?

இவ்வினாவின் வேர் கோப்பிக் காலத்திலேயே உள்ளது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், கோப்பி மாவட்டங்களின் மருத்துவ வசதிக்கான செலவை ஏக்கர் அளவின்படி தோட்டச் சொந்தக்காரர்மீது சுமத்தியது. 1880களில் இம்முறை மாறி, தோட்ட விளைபொருள்களின் ஏற்றுமதித் தீர்வை அச்செலவுக்கு ஆதாரமாயிற்று. 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் லயங்களையும் அவற்றின் சூழலையும் ஓரளவு சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. சுகாதாரம் இங்கு குடியிருப்போரின் உரிமையாக அன்றி, முதலாளியின் உற்பத்திச் செலவாகவே கருதப்பட்டமை நோக்கற்பாலது. உற்பத்திச் செலவு எனின், அதனைக் குறைக்க முயல்வதே முதலாளியின் இயல்பு.

இதற்குத் தக்க சான்று கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமாகும். ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் 1916இல் இவ்வியக்கம் தோட்டங்களிற் பணியாற்றத் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றும். மலசலகூடம் இல்லாவிடின், அசுத்தமான மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரை நோய் மீண்டும் பற்றும். மருந்தை ஏற்ற துரைமார் பலர் மலசலகூடம் அமைக்கத் தயங்கினர். மருந்து சிறுசெலவு, மலசலகூடமோ கட்டிய பின்னரும் பராமரிப்பைக் கோருவது. அவற்றைத் துப்புரவு செய்யும் பணி ஒடுக்கப்பட்ட சாதியினர்மீதே சுமத்தப்பட்டது. துரை செலுத்தத் தயங்கிய பணத்தைத் தொழிலாளி இரத்தச்சோகையாலும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளத்தாலும் செலுத்தினார் எனலாம்.

சுதந்திரத்தின் பின்னரும் இந்நிலை அடியோடு மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைத்தனம் கைமாறியதேயன்றி, லயத்தின் கான் உள்ளூராட்சியின் பொறுப்பாகவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. சபைக்கு வாக்களித்தவரின் வாசலுக்குச் சபையின் பணி வரவில்லை. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே இத்தடையை நீக்கியது.

இதனிடையே தொழில் நிலையங்களுக்கு வேறொரு வழி வகுக்கப்பட்டது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு 1972இற் பொருளாதாரக் கூட்டுறவு, அபிவிருத்தி அமைப்பினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் கழிவு வெளியேற்றலை அனுமதிப்பத்திர முறைக்கு உட்படுத்தின. லயத்திற்கு இக்கோட்பாட்டை எங்ஙனம் பொருத்துவது? மாசுபடுத்துபவர் யார்? குழியின்றி வாழ விடப்பட்டவரா, குழி அமைக்காது விட்டவரா?

இனித் தோட்டக் குடும்பத்திடமும் கட்டணம் கோரும் காலம் வரலாம். காணியுறுதி பெற்றுத் தனிவீட்டில் வாழ்பவர் அதனைச் செலுத்துதல் முறையே. கட்டணம் செலுத்துபவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆயின், தமக்குச் சொந்தமல்லாத லயத்தில் வாழ்பவரிடம் அதே கட்டணத்தை அறவிடுதல் நீதியாகாது. அங்கு செலவின் பெரும்பங்கு நிர்வாகத்தையே சாரும். நானுஓயா நீர் கொத்மலை ஓயாவையும், அதன்வழி மகாவலியையும் சேர்கின்றது. மலையின் கானைத் துப்புரவாக வைத்திருத்தல் கீழ்நாட்டினரின் நலனுமாகும். எனவே கட்டணத்தின் அளவை ஆராயுமுன், நூறாண்டுகளுக்கு மேலாக அதனை உடலாற் செலுத்தியவர் யார் என்பதை நினைவிற்கொள்ளுதல் நம் கடமையாகும்.