மலையகத் தோட்டங்களிற் பசியும் உடற்பருமனும்: ஒரு வரலாற்று நோக்கு

உடல் பருப்பதற்கு வாயடக்கமின்மையே காரணம் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. பரம்பரையே காரணம் என்பது அறிவியலின் துணைகொண்டு பின்னர் எழுந்த கருத்து. இரண்டும் தனியொருவரின் உடலோடு நின்றுவிடுவன. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளின் தோட்ட வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்விளக்கங்கள் போதா என்பது புலனாகும். பல தலைமுறைகளாகப் பிறர் அளந்து கொடுத்ததை உண்டு வாழ்ந்த ஒரு மக்கட்கூட்டத்தின் உடல்பற்றியே இங்கு பேசவேண்டியுள்ளது.

மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இம்மக்கள் வந்தனர். தாது வருடப் பஞ்சம் எனத் தமிழகம் நினைவுகூரும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் பலரைக் கடல் கடக்கச் செய்தது. வந்த இடத்தில் உணவு கூலியின் ஒரு பகுதியாயிற்று. தோட்டமே அரிசியை வழங்கி, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கூலியை வரையறுத்தபோதும், மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்றே நாட்சம்பளம் அமைந்தது. ஆண் பெண் சம்பளம் சமமானது 1984இலேதான். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’, அரைப்பேருக்கு அரைச்சம்பளம். மடுவத்திற் கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்பட்டது. அதைப் பறித்தவளின் நிறையைக் குறித்துவைத்தார் எவருமிலர்.

1942இற் பர்மா யப்பானியர் வசமாகவே அரிசி வரத்துத் தடைப்பட்டது. பங்கீட்டு முறையுடன் கோதுமை மா பெருமளவிற் புகுந்தது. இன்று தோட்டத்து உணவு என்றதும் நினைவுக்கு வரும் ரொட்டி, பழஞ்சுவையின் விளைவன்று. போர்க்காலத் தட்டுப்பாடு விட்டுச்சென்ற வழக்கமாகும். 1973-74இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏறியபோது பங்கீடு குறைக்கப்பட்டது. மாவின் விலையும் உயர்ந்தது. நிலமற்ற தோட்ட மக்கள் அவ்வாண்டுகளிற் பட்டினியால் மாண்டனர். நாட்டின் பிற பகுதியினர்க்கு ஒருதுண்டு வயலோ வீட்டுத்தோட்டமோ இருந்தது. லயத்து மக்களுக்கு அதுவும் இல்லை.

இவ்வரலாறு உடலில் எவ்வாறு பதியும்? அமெரிக்க மரபியலறிஞர் ஜேம்ஸ் நீல் 1962இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். பஞ்சத்தைத் தாங்கி எஞ்சியோரின் மரபணுக்கள் கொழுப்பைச் சேமிக்கும் இயல்பின. உணவு பெருகிய காலத்தில் அவ்வியல்பே நோயாகிறது என்பது அதன் சாரம். பரம்பரைக்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. தத்துப் பிள்ளைகளின் உடற்பருமன் வளர்த்தோரை ஒத்திராது பெற்றோரையே ஒத்திருந்ததை, தென்மார்க்கில் ஸ்டங்கார்டு குழுவினர் 1986இற் காட்டினர். ஆயினும் நீலின் கருத்தை மலையகத்துக்கு அப்படியே பொருத்துதல் தகாது. நூற்றைம்பது ஆண்டுகள் மரபணுக்களைச் சலித்தெடுக்கப் போதிய காலமன்று. அன்றியும், ‘இவர்களின் இரத்தமே இப்படி’ என்று சொல்லிச் சம்பளத்தையும் லயத்தையும் பற்றிய கேள்விகளை மறைப்பது எளிதாகிவிடும்.

ஹேல்ஸ், பார்க்கர் என்போர் 1992இல் வெளியிட்ட கருத்தே இங்கு மிகுதியும் பொருந்துகிறது. கருவில் உணவு குன்றிய சிசு, குறைந்த உணவுள்ள உலகுக்கெனத் தன் உடலை அமைத்துக்கொள்கிறது. பின்னர் உணவு பெருகின் அவ்வமைப்பே கேடாகிறது. 1944-45இல் ஒல்லாந்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது கருவின் முற்பகுதியில் இருந்த ஆண்களிடையே, பத்தொன்பது வயதிற் பருமன் மிகுதியாகக் காணப்பட்டமை இதற்குச் சான்று. புனே நகரையடுத்த கிராமங்களிற் குழந்தைகளை ஆராய்ந்த யாஜ்னிக், அவர்களின் சராசரி நிறை ஏறத்தாழ 2.7 கிலோகிராம் எனக் கண்டார். இங்கிலாந்துக் குழந்தையின் நிறை 3.5 கிலோகிராம். தசை குறைந்திருந்தது, கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த குழந்தையினுள்ளே கொழுப்பு குடியிருந்தது. இலங்கையில் 2006-07ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, தோட்டத்துறைக் குழந்தைகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் நிறை குறைந்து பிறந்தனர். நாட்டின் சராசரி அதில் ஏறக்குறையப் பாதியே.

உளவியற் பக்கமும் உண்டு. 1944-45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞரை அவர்தம் சம்மதத்துடன் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உணவையே நினைத்து, சமையல் நூல்களைப் படித்துப் பொழுதுபோக்கினர். கட்டுப்பாடு நீங்கியதும் அளவின்றி உண்டனர். முதலில் மீண்டது தசையன்று, கொழுப்பு. நல்ல மனவுறுதியுள்ளோரெனத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கே இந்நிலை நேர்ந்தது. தானே விரும்பி உணவைக் குறைப்போர் இழந்த நிறையை மீளப் பெறுவது ஏன் என்பதற்கும் இதில் ஒருபகுதி விடையுண்டு. லயத்திலோ ஆய்வுக்கூடமும் இல்லை, முடிவுத் திகதியும் இல்லை. கணவனும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்க்கு வயிறு நிறைதல் வெறும் உடற்தேவையன்று. அது மதிப்பும் கூட. பூசிய உடம்பு நல்வாழ்வின் அடையாளமெனக் கருதப்படுவதில் வியப்பில்லை. இத்தகைய ஒருத்தியிடம் ‘உணவைக் கட்டுப்படுத்து’ என்று கூறும் சுகாதார ஊழியர், அவளுடைய பாட்டியின் உணவை யார் கட்டுப்படுத்தினர் என்பதை அறிந்திருத்தல் நன்று.

நகரத்தோடு ஒப்பிடுகையிற் தோட்டங்களிற் பருமனானோர் குறைவே. 2016ஆம் ஆண்டு அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளுள் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றியிருந்தனர். நாட்டின் சராசரி 17 சதவீதம். இவ்வாறு வளர்ந்தோரே கொழும்புக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வேலைதேடிச் செல்கின்றனர். மலையேறிக் கொழுந்தெடுத்த உழைப்பு அங்கில்லை. மாவும் சீனியும் எண்ணெயும் தாராளமாகக் கிடைக்கின்றன. பார்க்கர் கூறிய பொருந்தாமை தொடங்கும் இடம் அதுவே.