வளர்ப்பு நாயின் ஆகாரம் (நாஞ்சில் நாடு)

வளர்ப்பு நாயின் ஆகாரம் என்பது, காவலுக்காகவோ துணைக்காகவோ மனிதர் தம் இல்லத்தில் பேணும் நாய்க்கு, அதன் வயது, எடை, உழைப்பு ஆகியவற்றுக்கு ஏற்றபடி, புரதம், கொழுப்பு, மாவுப்பொருள், உயிர்ச்சத்து, தாதுப்பொருள், நீர் ஆகியவை உரிய விகிதத்தில் அமையுமாறு நாள்தோறும் அளிக்கப்படும் உணவாகும். கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டின் வழக்கே இங்கு முதன்மையாகக் கூறப்படுகிறது. அரிசியும் மீனும் தேங்காயும் மரச்சீனியும் ஒருங்கே கிடைக்கும் இந்நிலப்பகுதியில் நாயின் ஆகாரம் வீட்டாரின் ஆகாரத்தை ஒட்டியே அமைந்து வந்திருக்கிறது. அதன் சிறப்பும் குறையும் இந்த ஒன்றிலேயே அடங்கியுள்ளன.

பண்டை வரலாறு

பாரத தேசத்தில் நாய்க்கு இவ்வளவு உணவு என்று அளவிட்டுக் கூறிய தொன்மையான நூல்களுள் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் தலையாயது. 1905ஆம் ஆண்டு மைசூரில் ஆர். சாமசாஸ்திரியாரின் கைக்குக் கிட்டி 1909இல் அச்சேறிய இந்நூலை, திருவனந்தபுரத்து மகாமகோபாத்தியாயர் த. கணபதி சாஸ்திரியார் 1924-25 ஆண்டுகளில் தம்முடைய ஸ்ரீமூலம் என்னும் உரையுடன் மூன்று பாகங்களாகப் பதிப்பித்தார். அதன் இரண்டாம் அதிகரணத்தில், பண்டசாலைத் தலைவனின் கடமைகளை வகுக்குமிடத்து, யானை, குதிரை முதலிய பிராணிகளின் படியோடு நாயின் படியும் வைத்து எண்ணப்படுகிறது. நாய்க்கு ஒரு பிரஸ்தம் என்றும், அன்னம், கிரௌஞ்சம், மயில் ஆகிய பறவைகளுக்கு அரைப் பிரஸ்தம் என்றும் அங்கே விதிக்கப்பட்டுள்ளது. நான்கு குடுபம் ஒரு பிரஸ்தம். நான்கு பிரஸ்தம் ஓர் ஆடகம். நான்கு ஆடகம் ஒரு துரோணம் என்பது அக்காலத்து முகத்தலளவை.

ஆரியன் ஒருவனின் ஒருவேளை உணவுக்கும் அந்நூல் ஒரு பிரஸ்தமே கூறுதலின், மனிதனுக்கும் நாய்க்கும் படி ஒன்றே என்று மேலோட்டமாகப் படிப்போர் மயங்கக்கூடும். மனிதனுக்குரியது முறியாத அரிசி. நாய்க்குரியதோ வெந்த சோறு. அரிசி வெந்தால் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகுமாதலால், நாயின் பங்கு மனிதனின் பங்கில் மூன்றிலொரு கூறாகவே நின்றது. நடுத்தர உருவமுள்ள நாட்டு நாய் ஒன்றின் தேவைக்கு இது முற்றும் பொருந்தாத கணக்கன்று.

மேனாட்டிலும் தொன்மையான வழக்கு தானியத்தைச் சார்ந்ததே. உரோமைய வேளாண் நூலாசிரியர்களுள் வாரோ வாற்கோதுமை ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுக்கச் சொன்னார், கி.பி. முதல் நூற்றாண்டினரான கொலுமெல்லா வாற்கோதுமை மாவைத் திரிந்த பாலின் தெளிநீரில் கலந்து பண்ணை நாய்க்கு ஊட்டுமாறு எழுதினார். 

நாய் மாமிசபட்சிணியே என்று வாதிப்போர் இன்றும் உளர். ஓநாயினிடத்து இரண்டாகவே காணப்படும் கணைய அமிலேசு மரபணுவின் படிகள் நாயினிடத்து 4 முதல் 30 வரை பெருகியிருப்பதை, உப்சாலாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2013இல் வெளிப்படுத்திய பின், மனிதனோடு கூடி வாழத் தொடங்கிய நாய் மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலைத் தன் மரபிலேயே ஏற்றுக்கொண்டது என்பது உறுதியாயிற்று. ஆகவே அதனை அனைத்துண்ணி என்று வகுத்தலே தகும்.

நாஞ்சில் நாட்டு உணவுப் பொருள்கள்

நெல்: திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற நாஞ்சில் நாட்டில், 1906இல் பேச்சிப்பாறை அணை நிறைவேறியபின் இருபோக சாகுபடி வலுப்பெற்றது. புழுங்கலரிசிச் சோறும், முந்தின நாள் மிச்சமான பழையதும், வடித்த கஞ்சியுமே நாயின் சட்டியில் முதலிடம் பெற்றன. அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கே உள்ளதாகையால், வெறுஞ்சோறு வயிற்றை நிரப்புமேயன்றித் தசையை வளர்க்காது.

மரச்சீனி: விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சிக்காலம் 1880-1885) ஊக்குவித்துப் பரப்பிய இக்கிழங்கு, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டு நிலங்களில் ஏழைகளின் உணவாகி, அவர்தம் நாய்களுக்கும் உணவாயிற்று. பச்சைக் கிழங்கில் சயனைடு நஞ்சு பிறக்கும் பொருள் உண்டு. தோலை நீக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் களையும் வீட்டு முறையால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். புரதம் இதில் அரிசியினும் மிகக் குறைவு.

மீன்: குளச்சல், முட்டம், மணக்குடி முதலிய கடற்றுறைகளில் ஏறும் சாளை, அயிலை, நெத்தோலி ஆகியவை மலிவும் புரதச் செழிப்பும் உடையவை. சாளையின் சதையில் ஐந்திலொரு பங்கு புரதம். சில மீன்களின் பச்சைச் சதையில் தயமினை அழிக்கும் நொதி இருத்தலின் வேகவைத்தே கொடுத்தல் வேண்டும். முள் குழையும்வரை வெந்த சிறுமீன் சுண்ணாம்புச் சத்தையும் தரும். மீன்பிடித் தடைக்காலம் மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் அமைவதால், ஒரு கரையின் வரத்து குறைந்த காலத்தும் மறுகரையின் மீன் பெரும்பாலும் சந்தைக்கு வரும். ஜூன் முற்பாதியில் மட்டும் இரண்டும் ஒருசேரக் குறையும். அந்நாள்களில் முட்டையோ கோழியிறைச்சியோ மீனுக்கு ஈடாகும். கருவாடு ஈடாகாது, அதன் உப்பு மிகுதி.

தேவையும் அளவும்

உலர்நிலையில் கணக்கிட்ட உணவில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது நூற்றுக்கு 18 பங்கு புரதமும் 5.5 பங்கு கொழுப்பும், குட்டிக்கு முறையே 22.5 பங்கும் 8.5 பங்கும் இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் வரையறை. சுண்ணாம்பும் பாஸ்பரமும் ஒன்றுக்கொன்று முதல் இரண்டுக்கொன்று வரையிலான விகிதத்தில் அமையவேண்டும். எலும்பில்லா இறைச்சியை மட்டும் தின்று வளரும் குட்டியின் எலும்பு நொய்ந்து வளைவது இவ்விகிதம் பிறழ்வதாலேயே.

10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோ கலோரி போதும். 80 கிராம் அரிசியை வடித்த சோறு, வெந்த சாளை 150 கிராம், வெந்த முட்டை ஒன்று, ஒரு பிடி பூசணி அல்லது முருங்கைக்கீரை, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய், முள் நீக்கிய மீனாயின் அரைத் தேக்கரண்டி முட்டையோட்டுப் பொடி ஆகியவை சேர்ந்தால் இத்தேவை பெரும்பாலும் நிறைவேறும்; வாரம் ஒருமுறை சிறிது ஈரல் சேர்த்தல் நலம். நுண்தாதுக்களின் குறையைக் கால்நடை மருத்துவர் வழி நிரப்பிக்கொள்ளலாம். வளர்ந்த நாய்க்கு இருவேளையும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மூன்று அல்லது நான்கு வேளையும் உணவு அளித்தல் முறை. தூய நீர் எப்போதும் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

விலக்கத்தக்கன

இம்மாவட்டத்துச் சமையலில் நாய்க்குப் பெரும்பகை உள்ளியே. வெங்காயமும் வெள்ளைப்பூடும், பச்சையாயினும் வெந்தவையாயினும், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை விளைவிக்கும். வறுத்த தேங்காயும் உள்ளியும் சேர்த்து வைக்கும் தீயலைச் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைக்கும் வழக்கம், அன்பினால் செய்யப்படுவதாயினும், தீங்கே. வெந்த கோழியெலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். திராட்சை சிறுநீரகத்தையும், சாக்கலேட்டு இதயத்தையும் நரம்பையும் தாக்கும். இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்த தின்பண்டங்கள் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தும். பால், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

தற்கால நிலை

1860ஐ ஒட்டி லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் தொடங்கிய நாய்ப் பிஸ்கோத்து வணிகத்தின் வழிவந்த பொட்டல உணவுகள் இன்று நாகர்கோவில் கடைகளிலும் விற்கப்படுகின்றன. சமைக்க நேரமில்லாதார் அவற்றை வாங்குகின்றனர். எடைக்கேற்ற அளவு உறையிலேயே அச்சிடப்பட்டிருப்பது அவற்றின் வசதி. எனினும் அரிசியும் மீனும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இம்மாவட்டத்தில் வீட்டுச் சமையலே நாய்க்கும் உத்தமமான ஆகாரம் என்பதில் ஐயமில்லை. உப்பும் உள்ளியும் காரமும் சேர்ப்பதற்கு முன்னரே நாயின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுவதே வீட்டார் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி.