பனையேறிக் கெண்டையும் பாரிஸ் மீன்தொட்டியும்

அரபு வணிகரும் மாலுமிகளும் கண்டும் கேட்டும் வந்த செய்திகளைத் தொகுத்த பழைய நூல்களுள் ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ சிறப்பிடம் பெறுவது. ஹிஜ்ரி 237இல், அதாவது கி.பி. 851இல் எழுதப்பட்ட இந்நூலில் ஒரு விந்தையான குறிப்பு உண்டு. கடலினின்றும் வெளிப்பட்டுத் தென்னையில் ஏறி, இளநீரைப் பருகிவிட்டு மீண்டும் கடலுக்கே திரும்பும் மீன் ஒன்று உண்டாம். இதைத் தாம் கண்டதாக நூலாசிரியர் எழுதவில்லை. பிறர் கூறியதாகவே எழுதினார். கண்டதையும் கேட்டதையும் பிரித்துரைக்கும் இந்த நேர்மை, அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய நமக்கு அயலானதன்று.

தென்னையேறும் நண்டையே அம்மாலுமிகள் மீன் என்றனர் என்பார் உளர். இலங்கையில் அரசுப் பணி புரிந்த எமர்சன் டென்னன்ட் என்பாரோ, நம் பனையேறிக் கெண்டையைப் பற்றி எழுதுமிடத்து இக்குறிப்பை நினைவுகூர்ந்தார்.

பனையேறிக் கெண்டை என்னும் பெயரே தமிழர் வாய்மொழிக்குச் சான்று. 1791 நவம்பரில், டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்னும் படையதிகாரி குளக்கரைப் பனையொன்றில் இம்மீனைக் கண்டதாக எழுதினார். அவருடைய கட்டுரை 1797இல் லண்டனில் அச்சேறியது. அன்று தொட்டு மேனாட்டு நூல்களிலும் இம்மீன் மரமேறத் தொடங்கியது! பின்வந்த ஆய்வாளர் சிலர், காகமும் பருந்தும் கவ்விச் சென்று போட்ட மீன்களே மரத்தில் காணப்பட்டன என்றனர். ஆயினும், செவுள்மூடியிலுள்ள முட்களை ஊன்றி, வாலால் உந்தி, ஈரத் தரையில் இது நெடுந்தொலைவு செல்லும் என்பது மெய்.

நீரை விட்டகன்ற மீன் எவ்வாறு உயிர் தரித்தது? செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகளாலான ஓர் உறுப்பு இதற்கு உண்டு. புகுந்தவர் வெளியேற வழி தெரியாத சுழல்மாளிகையைப் போன்றது என்பதால், அதன் பெயராலேயே இக்குலம் முழுவதையும் மேனாட்டார் அழைத்தனர். அத்தகடுகள் நீரைத் தேக்கிச் செவுளை நனைக்கின்றன என்பது பிரெஞ்சுப் பேரறிஞர் குவியேயின் கருத்து. அது பிழை. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஃபிரான்சிஸ் டே போன்றோர் மீன்களை வைத்துப் பார்த்து உண்மையை உரைத்தனர்: இவை மேற்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்கின்றன, மேலே வர வழியின்றித் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி மாள்கின்றன.

இவ்வியல்பே இக்குலத்து மீனொன்றைக் கடல் கடக்கச் செய்தது. 1869இல் சீனத்திலிருந்து பாரிஸுக்கு வந்து சேர்ந்த அம்மீனைப் பியேர் கார்போனியே தம் தொட்டியில் வளர்த்து, அவ்வாண்டிலேயே குஞ்சு பொரிக்கச் செய்தார். ஐரோப்பியர் அதற்குச் ‘சொர்க்க மீன்’ என்று பெயரிட்டனர். பொன்மீனுக்கு அடுத்தபடியாக அவர்தம் இல்லங்களில் குடியேறிய அயல்நாட்டு அழகுமீன் இதுவே. காற்றுப்பொறியும் வெந்நீர்க் கருவியும் இல்லாத அக்காலத்தில், காற்றுக் குறைந்த நீரையும் குளிரையும் ஒருங்கே தாங்கியதால் அது நிலைத்தது.

அதன் இல்லறம் விந்தையானது. ஆண்மீன் வாய்நீர் கலந்த குமிழிகளை ஊதி, நீர்மேல் நுரைக்கூடு கட்டும். பெண்மீனை வளைத்தணைத்து முட்டையிடச் செய்து, முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும். பின்னர் பெண்மீனையே துரத்திவிட்டுத் தனித்துக் காவல் நிற்கும். ஆகவே முட்டையிட்டதும் பெண்மீனைப் பிரித்துவிடுதல் வேண்டும். ஒன்றிரண்டு நாளில் பொரியும் குஞ்சுகள் நன்கு நீந்தத் தொடங்கியபின் தந்தையையும் அகற்றுதல் நலம். பனையேறிக் கெண்டையோ கூடு கட்டுவதில்லை. முட்டைகளை நீரில் மிதக்கவிட்டுச் சென்றுவிடும். ஒரே குலத்தில் இருவேறு வழக்கங்கள்!

இக்குல மீன்களை இன்று நம் பிள்ளைகள் புட்டிகளிலும் வைத்து வளர்க்கின்றனர். ‘எதையும் தாங்கும் மீன்’ என்று கடைக்காரர் சொல்ல, வாய் நிறைய நீர் ஊற்றி இறுக மூடிவிடுகின்றனர். மறுநாள் மீன் மிதக்கிறது. நீர் கெட்டதென்று பழி நீரின்மேல் விழுகிறது. நீருக்கும் மூடிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடவேண்டும். மூடியை அறவே அகற்றுவதும் ஆகாது. மீன் துள்ளி வெளியே விழும். குஞ்சுகளின் காற்றுறுப்பு உருவாகும் வாரங்களில் குளிர்காற்று பட்டால் அவை மடியும். இரண்டு ஆண்மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் சண்டையிட்டு மாளும்.

கேட்டதைக் கேட்டதாகவே எழுதிவைத்தார் அந்த அரபு நூலாசிரியர். நம் வீட்டுத் தொட்டியிலுள்ள மீனைப் பொறுத்தவரையில் கேள்வியோடு நிற்கவேண்டிய தேவை நமக்கில்லை. சற்றே அமர்ந்து பார்த்தால், அது மேலெழுந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிச் செல்வதைக் காணலாம். அந்த மிடறு காற்றுக்கு வழி விடுவது, அவ்வுயிரை அமானிதமாக ஏற்ற நம் கடமை.